போனில் வந்த ஆர்டர்

இன்சூரன்ஸ் சர்வேயர் செருப்பைக் கழற்றவில்லை. வாசலில் நின்று, உள்ளே தரை ஈரமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, அப்படியே ஏறி வந்தார். பதினாறு நாள் காத்திருந்து கிடைத்த மனிதர் என்பதால் சிஸ்டர் அதையும் விழுங்கிக்கொண்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் பொது வார்டு நர்ஸ் அவள். தெருவில் நேற்றுப் பிறந்த குழந்தை முதல் பல் போன கிழவர் வரை எல்லோருக்கும் அவள் சிஸ்டர்தான். கோபம் வந்தால் கட்டிய கணவரும் அப்படித்தான் கூப்பிடுவார். இந்தப் பதினாறு நாளாக அவர் வேறு எப்படியும் கூப்பிடவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. புயல் அடித்த அன்று பின்னறைக் கூரையில் இரண்டு தகரங்கள் பிய்த்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுச் சுவரில் சாய்ந்து நின்றன. பின்னறை மகளுடையது. விடிந்ததும் கணவர், பஸ் டெப்போ மெக்கானிக், கடையைத் தட்டித் திறக்கவைத்து நீலத் தார்ப்பாய் ஒன்று வாங்கி வந்து, ஏணியைச் சாத்தி, பாதி ஏறியும் விட்டார். "இறங்குங்க" என்று சொன்னது அவள்தான். அப்போதுதான் இன்சூரன்ஸ் கம்பெனிப் பெண் போனில் சொல்லியிருந்தாள். "எதையும் தொடாதீங்க மேடம். சர்வேயர் வந்து பாக்கற வரைக்கும் எல்லாம் அப்படியே இருக்கணும். இல்லன்னா க்ளெய்ம் நிக்காது."

வார்டில் டாக்டர் போனில் மருந்து சொன்னால் ஒரு முறை இருக்கிறது. சொன்னதை எழுத வேண்டும். எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். எத்தனை மணி என்று போட வேண்டும். டாக்டர் அடுத்த முறை வரும்போது அதில் கையெழுத்து வாங்க வேண்டும். இருபத்திரண்டு வருடப் பழக்கம் எங்கே போகும்? மகளின் பழைய ரஃப் நோட்டில் தேதி, மணி, அந்தப் பெண்ணின் பெயர் எல்லாம் எழுதி, "நீங்க சொன்னது இதுதானே" என்று படித்தும் காட்டினாள். கரெக்ட் மேடம் என்றது அந்தக் குரல்.

ஐந்தாம் நாள் மழை வந்தது. ஏழாம் நாள் மறுபடியும். மேலே அடித்திருந்த பலகை ஊறி உப்பி, ஒரு மத்தியானம் கட்டிலின் மேலேயே இறங்கியது. நல்லவேளை, பெண் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். பிறகு சுவரில் கருப்புப் பூஞ்சை ஏறியது. மகளுக்கு இருமல் நிற்கவில்லை, பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தினம் சாயங்காலம் அங்கிருந்து போன் வரும். "எப்பம்மா வரட்டும்?" கூரை வந்தால் பெண் வருவாள். கூரை வர இந்த மனிதர் கையெழுத்துப் போட வேண்டும். சிஸ்டருக்கு உலகமே அவ்வளவுதான் என்று ஆகியிருந்தது. தினம் காலையில் கம்பெனிக்குப் போன் செய்தாள், தினமும் "நாளைக்கு வருவார்" என்றார்கள். கணவர் ஒரே ஒரு முறை, "அன்னைக்கே மூடியிருப்பேன்" என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

சர்வேயர் பின்னறையைப் படம் எடுத்தார். பூஞ்சையைப் பேனா முனையால் சுரண்டினார்.

"ஏன் மூடாம விட்டீங்க?"

அவள் சொன்னாள். அவர் சிரித்தார்.

"அதுக்குன்னு இப்படியா மேடம்? மேற்கொண்டு சேதம் ஆகாம பாத்துக்கறது உங்க பொறுப்புன்னு பாலிசியிலயே போட்டிருக்கே. ரெண்டு தகரம் புயல்ல போனது, சரி. ரூமுக்குள்ள ஆனதெல்லாம் உங்க அஜாக்கிரதை. அப்படித்தான் எழுத முடியும்."

அஜாக்கிரதை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு மாத்திரை மாற்றிக் கொடுத்ததில்லை அவள். உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை எரிந்தது. நோட்டை எடுத்து வந்து நீட்டினாள்.

"உங்க கம்பெனி சொன்னதுதான் சார். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

"நோட்டுல யார் வேணா எதை வேணா எழுதலாம்."

"அப்ப உங்க ஆபீஸ் போன் ரெக்கார்டிங்கைக் கேளுங்க."

"அது வேற டிபார்ட்மெண்ட். கூரையை ஒரு போட்டோ எடுத்துட்டு நான் கிளம்பறேன், இன்னும் நாலு வீடு இருக்கு."

கணவர் அன்று சாத்திய இடத்திலேயே ஏணி நின்றது. தொடாதே என்றதும் அதைக்கூட யாரும் தொடவில்லை. சர்வேயர் முனகிக்கொண்டே ஏறினார். கணவர் அடியில் பிடித்துக்கொண்டு, "சுவர் மேல காலை வைங்க சார், தகரம் தாங்காது" என்றார். இவ்வளவுக்குப் பிறகும் இந்த மனுஷனுக்கு மரியாதை எங்கிருந்துதான் வருகிறதோ என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேலேயிருந்து குரல் கேட்டது. "ஆணியெல்லாம் துரு. பராமரிப்பு இல்ல. அதையும் எழுதணும்."

அவள் கணவரின் கையை ஏணியிலிருந்து எடுத்துவிட்டாள். ஏணியைச் சத்தம் வராமல் சரித்து, சுவரோரம் தரையில் கிடத்தினாள். அதற்கு அவளுக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை.

"மேடம், ஏணி எங்க?"

"கீழ இருக்கு சார்."

"என்ன விளையாட்டு இது? எடுத்து வைங்க."

"எதையும் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க சார். எல்லாம் அப்படியே இருக்கணுமாம்."

"நான் ஆபீசுக்குப் போன் பண்ணுவேன்."

"பண்ணுங்க. ஒண்ணை அழுத்து, ரெண்டை அழுத்துன்னு வரும். கடைசியில ஒரு பொண்ணு பேசும். அது என்ன சொல்லுதுன்னு எழுதி வச்சுக்கங்க."

அவர் உண்மையிலேயே போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். மேற்கே வானம் கறுத்து வந்தது. திரும்பிப் பார்த்தால் கணவரைக் காணோம். உள்ளே போய்விட்டார். போகட்டும், இதற்கும் சேர்த்துப் பேசாமல் இருக்கட்டும் என்று நினைத்தாள்.

கணவர் திரும்பி வந்தபோது தோளில் நீலத் தார்ப்பாய் இருந்தது, கடையில் மடித்த மடிப்புக் கலையாமல்.

"அந்த நோட்டைக் குடும்மா" என்றார்.

நோட்டையும் பேனாவையும் மடிப்புக்குள் செருகி, கயிற்றால் ஒரு சுற்றுச் சுற்றி, டெப்போவில் டயர் தூக்கிய கையால் ஒரே வீச்சில் கூரைமேல் எறிந்தார்.

"சார், மேலதானே இருக்கீங்க" என்றார்.

முதல் துளி தகரத்தில் டங்கென்று விழுந்தது. பிறகு இரண்டு, மூன்று. சர்வேயர் போனைப் பைக்குள் திணித்தார். ஒரு கையில் திறந்த நோட்டும் மறு கையில் தார்ப்பாயின் நுனியுமாக அவர் சுவர்மேல் நின்றார். கீழே இரண்டு பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.