ஆத்மா டிவி நிறுத்தம்

ஆத்மா டிவியில் படத்துக்குக் கீழே ஓடிய எழுத்துப்பிழைகள் மறுநாள் காலை அப்படியே நடந்தன. ஆலங்குடிக்கும் திருவரங்குளத்துக்கும் நடுவே, முந்திரிக்காட்டு ஓரம், ஒரு மாடி அறையில் ஆத்மநாதன் நடத்திய சின்ன டிவி அது. ஒளிபரப்பு நான்கு கிலோமீட்டருக்கு மேல் எட்டாது. பிழைகளும் அதைத் தாண்டிப் போனதில்லை என்பது மற்ற ஊர்களின் அதிர்ஷ்டம். எழுத்து அடித்தவர் ஆவூர் ரீட்டா. தங்கமான பெண்தான், ஆனால் லகரம் மூன்றும் அவருக்கு ஒன்று, னகரம் மூன்றும் ஒன்று. ஒரு மழைநாளில் ‘பள்ளி விடுமுறை’ என்பதைப் ‘பல்லி விடுமுறை’ என்று அடித்தார். மறுநாள் எந்தச் சுவரிலும் ஒரு பல்லி இல்லை, பிள்ளைகள் நனைந்துகொண்டே பள்ளிக்குப் போனார்கள். ஒரு சித்திரையில் ‘கீழத்தெருவில் குழாய்ப் பனி நடைபெறும்’ என்று ஓடியது. குழாயிலிருந்து கொட்டிய பனியில் பெண்கள் சர்பத் போட்டுக் குடித்துவிட்டு, தண்ணீர் எப்போது வருமென்று கேட்டார்கள்.

எதிர்வீட்டு இருளாயிக்குக் கவலை ஒன்றுதான். அங்கே பஸ் நிற்காது. மகள் இலக்கியா மூன்று கிலோமீட்டர் நடந்துபோய் பஸ் பிடித்துப் புதுக்கோட்டைக் கல்லூரிக்குப் போவதற்குள் முதல் வகுப்பு முடிந்துவிடும். இன்னும் நாலு நாள் தவறினால் பரீட்சை எழுத விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மனுக் கொடுத்துச் சலித்த இருளாயி மாடியேறி வந்தார். “பஸ் நிக்கும்னு தப்பா அடிச்சு விடு தாயி.” ரீட்டாவும் ‘பஸ் நிர்க்கும்’ என்று அடித்தார். ஒரு பஸ்ஸும் நிற்கவில்லை. வேண்டுமென்றே செய்த பிழையை டிவி மதிக்கவில்லை. “அதுக்கும் ரோசம் இருக்குக்கா” என்றார் ரீட்டா.

அதே வாரம், அனுமதி இல்லாத டிவி என்று மூடச் சொல்லி ஆணை வந்தது. “கடைசி நாளாவது தப்பில்லாம அடிங்கம்மா” என்று ஆத்மநாதன் கும்பிட்டார். ரீட்டா அகராதியைப் பார்த்து, அழுதுகொண்டே, ‘இன்றுடன் ஆத்மா டிவி நிறுத்தம்’ என்று ஒரு பிழையுமில்லாமல் அடித்தார். ஆனால் பன்னிரண்டு வருடம் ரீட்டாவோடு பழகிய டிவிக்குச் சரியாக எழுதியதைப் படிக்கத் தெரியவில்லை. நிறுத்தம் என்றால் பஸ் நிறுத்தம் என்று எடுத்துக்கொண்டது.

மறுநாள் ஏழரை மணி பஸ் அந்த மாடிக்கு எதிரே வந்து நின்றது. டிரைவர் என்ன மிதித்தும் அசையவில்லை. இருளாயி மகளைப் பிடித்துத் தள்ளாத குறையாக ஏற்றிவிட்டதும், ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பியது. அன்று முதல் எல்லா பஸ்ஸும் அப்படித்தான். கண்டக்டர்கள் ஒரு வாரம் திட்டினார்கள். பிறகு டிக்கெட் மெஷினில் அந்த நிறுத்தத்தின் பெயரே தானாக ஏறியிருந்தது. இலக்கியா பரீட்சை எழுதினாள், பாஸும் ஆனாள். ஆத்மநாதன் கீழே டீக்கடை போட்டிருக்கிறார், பெயர்ப்பலகை எழுத மட்டும் ரீட்டாவை விடவில்லை. “டிவி ஸ்டாப்லாம் எறங்குங்க!” என்று கண்டக்டர் கத்தினால் நாலு பேர் எழுந்து இறங்குகிறார்கள். டிவி எங்கே என்று யாரும் கேட்பதில்லை.