மற்றச் செருப்பு

சொலாஞ் அம்மையாருக்குக் கிரேக்கம் என்றால் உயிர். பிறந்தது பிரான்சில், வாழ்க்கைப்பட்டது டென்மார்க்கில், மனம் மட்டும் அரைநூற்றாண்டாக ஒரு கிரேக்கத் தீவில் குடியிருந்தது. எழுதிய புத்தகங்கள் எல்லாமே கிரேக்கத்தைப் பற்றித்தான். அவர் குடியிருந்த எஸ்பியர்க் துறைமுகத்தின் உப்புக்காற்றில் உரிந்து கொட்டும் என்று தெரிந்தும் வாசல் கதவுக்கு வருடாவருடம் நீலம் பூசுவிப்பார். டென்மார்க் பால்பண்ணைக்காரர் செய்கிற வெள்ளைச் சீஸை யாராவது கிரேக்கச் சீஸ் என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுக்க அர்ச்சனைதான்.

"பேர் மாத்தி ஒட்டி விக்கிற கள்ளர்" என்பார்.

இடுப்பு முறிந்து கம்பி வைத்தபிறகு அம்மையாரால் குனிய முடியாது. காலும் வீங்கும். காலையில் வந்து இறுக்கமான காலுறையை இழுத்து ஏற்றி, சப்பாத்தை மாட்டிவிட்டுப் போக, கொம்யூன் என்கிற நகரசபையின் வீட்டுப் பராமரிப்பிலிருந்து மேரிகிறேஸ் வருவாள். மன்னார்க்காரி, அறுபதைத் தாண்டியவள். ஒருத்தி பேசுவது பிரெஞ்சு மணக்கும் டேனிஷ், மற்றவள் பேசுவது தமிழ் மணக்கும் டேனிஷ். ஊர் இரண்டையும் கேட்டுச் சிரிக்கும். இவர்களுக்குள் மட்டும் ஒரு சொல் விடாமல் விளங்கிவிடும். மேரிகிறேஸின் காதில் அது எப்படி விழுந்ததோ அப்படியே நான் சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஒரு நவம்பர் காலை. அம்மையார் ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டார். தீவுப் பெண்கள் செத்தவீட்டில் அழுகிற பாட்டு.

"உங்கட ஊரிலயும் பெண்டுகள் இப்பிடிப் பாடி அழுவினமோ?"

"இப்பிடியோ? இதைவிட" என்றாள் மேரிகிறேஸ். "ஆனா இஞ்ச ஆர் விடுறாங்கள்? என்ர மாமி செத்த செய்தி வந்தண்டைக்கு நான் வாய்விட்டு அழ, கீழ்வீட்டுக்காரன் பொலிசுக்குப் போன் அடிச்சிட்டான். என்ர மனுசன் என்னை வெட்டுறார் எண்டு நினைச்சானாம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அம்மையார் கேட்டார்.

"நீ ஆருக்காக அழவேணும், மேரி?"

அந்தக் கேள்வியை அவளிடம் இந்த நாட்டில் யாரும் கேட்டதில்லை. பெற்ற மகள் அன்னாகூடக் கேட்டதில்லை. தொண்ணூறாம் ஆண்டு, மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு ஓடும்போது வள்ளம் கவிழ்ந்தது. அவளும் புருஷன் அந்தோனிதாசனும் தப்பினார்கள். ஆறு வயது றொஜிதன் போய்விட்டான். அவனுடைய ஒரு காற்செருப்பு அவள் சட்டைக்குள் கிடந்தது, அவ்வளவுதான் மிச்சம். உடம்பு கிடைக்கவில்லை, அதனால் கல்லறை இல்லை. வீடு எரிந்ததில் படமும் இல்லை. ஆத்துமாக்கள் திருநாளுக்கு ஊரெல்லாம் மெழுகுதிரியோடு சேமக்காலைக் கல்லறைகளுக்குப் போகும்போது இவளுக்குப் போக ஓர் இடமில்லை. அவன் பெயர் வெட்டின ஒரு கல்லுக்கூட உலகத்தில் இல்லையே என்பதுதான் முப்பது வருடத்துக்கு மேலாக அவள் வயிற்றில் கிடந்த நெருப்பு.

அம்மையாரின் வீடு தனிவீடு. சுவரும் தடிப்பு. மேரிகிறேஸ் தரையில் இருந்து, காலுறையை மடியில் போட்டுக்கொண்டு, அன்றைக்குப் பாடினாள்.

கரைவலை ஏறிவந்து கடல்மீனெல்லாம் கொட்டுண்டு போச்சே,
நீ மட்டும் ஏன் மகனே நீந்திக்கொண்டே நிக்கிறாய்?
ஒரு காலின் செருப்பிருக்கு, மறு காலைத் தேடுறன்,
கடலே, மணல் சுடுது, பிள்ளையைத் தூக்கித் தா.
றொஜிதா, என்ர றொஜிதா.

அம்மையார் அழுதார். பொய்யழுகை இல்லை, சும்மா சொல்லக்கூடாது. பிறகு கண்ணைத் துடைத்து, ஒவ்வொரு வரிக்கும் பொருள் கேட்டுக் கேட்டு எழுதினார்.

"இது என்ர அடுத்த புத்தகத்தில வரும். பேரோட வரும்" என்றார். "கல்லு வெடிச்சுப் போகும், மேரி. புத்தகம் நிக்கும்."

மேரிகிறேஸ் அந்தக் கையைப் பிடித்துக் கொஞ்சினாள். வீட்டுக்குப் போய்ச் சொன்னாள், கோயிலில் சொன்னாள், சுவாமியாரிடமும் சொன்னாள். அந்தோனிதாசன் மட்டும் மீன் தொழிற்சாலைக் குளிரில் விறைத்த விரல்களைத் தேய்த்துக்கொண்டு, "பேரை ஒழுங்காப் போடுவாவோ எண்டு பார்" என்றார். விசர் மனுசன், நல்லதை நினைக்கவே தெரியாது என்று அவள் ஏசினாள்.

இரண்டு வருடம் கழித்துப் புத்தகம் வந்தது. டேனிஷ் மொழிபெயர்ப்பின் வெளியீடு எஸ்பியர்க்கில். கிரேக்க நட்புச் சங்கம் ஒன்று மண்டபம் எடுத்திருந்தது. மேரிகிறேஸ் கூறைச்சேலையை எடுத்துக் கட்டினாள். தட்டு நிறைய மீன் றோல்ஸ் பொரித்தாள். அன்னா ஹோர்சன்ஸிலிருந்து ரயில் ஏறி வந்தாள். றொஜிதனுக்கே கலியாணம் என்பதுபோல மூன்று பேரும் முன்வரிசையில் போய் இருந்தார்கள்.

நடிகை ஒருத்தி புத்தகத்தை விரித்து வாசிக்கத் தொடங்கினாள். தீவின் வடகரையில், கறுப்புடுத்த ஒரு கிழத்தாய். கடல் கொண்டுபோன அவளுடைய மகன். மேரிகிறேஸ் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தாள். இது வேறு யாரோ ஒரு பாவி, நம்முடையது பிறகு வரும் என்றுதான் நினைத்தாள். வலையில் மீன் கொட்டியது. ஒரு கால் செருப்பு வந்தது. மணல் சுட்டது.

"யானிஸ், என்ர யானிஸ்" என்று முடித்தாள் நடிகை.

அன்னா தாயின் கையை இறுக்கிப் பிடித்து டேனிஷில் என்னவோ முணுமுணுத்தாள். அந்தோனிதாசன் தலையைத் தொங்கப்போட்டார். 'நான் அப்பவே சொன்னன்' என்று சொல்லாதது அவருடைய பெரிய மனசு.

மேரிகிறேஸ் எழும்பினாள். யாரையும் கேட்கவில்லை. நின்ற நிலையில், கூறைச்சேலையோடு, முழுப் பாட்டையும் பாடினாள். அத்தனை வெள்ளைக்காரருக்கும் நடுவில் "றொஜிதா" என்று கூப்பிட்டாள். கூப்பிட்டபோது குரல் கிழிந்தது. இனியாவது விளங்கும் என்று நின்றாள்.

மண்டபம் எழும்பி நின்று கைதட்டியது.

சங்கத் தலைவி கண் கலங்க ஓடிவந்து அவள் இரண்டு கையையும் பிடித்தாள். "எங்கட கிரேக்கப் பாட்டை உங்கட பாசையில எவ்வளவு அழகா மாத்தியிருக்கிறியள். அந்தத் தாய் கேட்டால் சந்தோசப்படுவா."

மேடையில் சொலாஞ் அம்மையார் நெஞ்சில் கைவைத்துத் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். திரும்பும்போது பார்த்தால் றோல்ஸ் தட்டு வழித்துத் துடைத்ததுபோல் கிடந்தது.

திங்கட்கிழமை மேரிகிறேஸ் வழக்கம்போல வேலைக்குப் போனாள். நீலக் கதவைத் திறந்தாள். முழந்தாளிட்டுக் காலுறையை இழுத்து ஏற்றினாள்.

"கோவமோ, மேரி?" என்றார் அம்மையார். "துயரத்துக்கு நாடு இல்லையடி."

"அப்ப ஏன் அதுக்குக் கிரேக்கத்தைக் குடுத்தனீங்கள்?"

அம்மையார் யன்னல் பக்கம் திரும்பினார்.

"அம்பது வருசம் அந்தத் தீவுக்குப் போனன்" என்றார். "அவையின்ர பாசை படிச்சன், அவையோட விரதம் இருந்தன். நான் வாசல்ல வந்தால் பெண்டுகள் பாட்டை நிப்பாட்டிப் போடுவினம். நான் கேட்டதெல்லாம் ஆரோ பதிஞ்சு வித்தது. எனக்கெண்டு ஒருத்தியும் பாடேல்லை. நீ ஒருத்திதான் பாடினாய்."

பாவம் என்று ஒரு கணம் மேரிகிறேஸுக்குத் தோன்றியதை மறைப்பானேன். அது அந்த ஒரு கணம்தான். தனக்கு ஒருவரும் திறக்காத வாசலில் கொண்டுபோய், இவளுடைய பிள்ளையை அல்லவா காணிக்கை வைத்திருக்கிறது இந்தக் கிழவி.

"அடுத்த பதிப்பில ஒரு அடிக்குறிப்பு..." என்று இழுத்தார் அம்மையார்.

மேரிகிறேஸ் இடது காலில் சப்பாத்தை மாட்டி, நாடாவை நன்றாக இறுக்கிக் கட்டினாள். எழும்பினாள். வலதுகால் சப்பாத்தை எடுத்துக்கொண்டுபோய் வாசலடியில் வைத்துவிட்டுக் குளிர்ச்சட்டையைப் போட்டாள்.

"மேரி, மற்றது?"

"மற்றதை யானிஸின்ர தாயிட்டைக் கேளுங்கோ."