தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் செத்த முயல்கள்

தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவளின் கண்ணில் அந்த வாரம் பட்ட மூன்றாவது முயல் அது. பெரிய தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்த புதர்க்காட்டில் நான்கு காலையும் நீட்டிக் கிடந்தது. மூக்கில் உறைந்த ரத்தம். உடம்பில் ஒரு பல் பட்ட தடம்கூட இல்லை.

கால்நடை மருத்துவமனையில் டாக்டரம்மா, நாய் கடித்திருக்கும் என்றார். இவள் லேசில் விடுகிற ஆள் இல்லை என்று தெரிந்ததும், அழுகிய உடலை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, செத்த சூட்டோடு கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார். தட்டிக்கழிக்கச் சொன்னதுதான். இவள் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

தினமும் விடிந்ததும் புதரைச் சல்லடை போட்டுத் தேடிவிட்டுத்தான் வேலைக்குப் போனாள். விஷயம் அக்கா வீட்டுக்காரர் காதுக்கு எட்டியது. அத்தான் கொட்டகையில் நாற்பது முயல் வளர்த்து விற்பவர். புல் அறுப்பது அதே புதர்க்காட்டில்தான்.

"நோய்னு நீ வாயத் திறந்தா என்கிட்ட எவன் முயல் வாங்குவான்?"

"விக்கறதுக்கு முயல் மிஞ்சணுமே, அத்தான். முதல்ல அங்க புல் அறுக்கறத நிறுத்துங்க."

அவர் நிறுத்தவில்லை. பேச்சைத்தான் நிறுத்தினார்.

ஐந்தாம் நாள் சூடு ஆறாத உடல் ஒன்று கிடைத்தது. கையுறை மாட்டி, இரண்டு பைக்குள் சுற்றி, ஐஸ் பெட்டியில் வைத்து, செருப்பை பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் கழுவிவிட்டு, நேரே டாக்டரம்மாவின் மேஜைக்குக் கொண்டுபோனாள். மறுபேச்சில்லாமல் மாதிரி சோதனைக்குப் போனது.

முடிவு வந்தது: முயல்களை மட்டும் கொல்லும் வைரஸ். மனிதருக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் புல்லிலும் செருப்பிலும் ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றும். அதற்குள் அத்தானின் கொட்டகையில் பதினொன்று போய்விட்டன. அவர் இவள் வாசலில் வந்து நின்றார். அப்போதே சொன்னேனே என்ற வார்த்தை நுனிநாக்கு வரை வந்தது, விழுங்கிவிட்டாள்.

"மிச்சத்தயாவது காப்பாத்த முடியுமா?"

"தடுப்பூசி வருதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. ஆனா நீங்க யார் யாருக்கு வித்தீங்களோ, அவங்களுக்கும் தெரியணும்."

அத்தான் அங்கேயே உட்கார்ந்து, ஒவ்வொருவராகப் போன் போட்டார். "என் கொட்டகையில நோய் வந்திருக்கு. உங்க முயல வெளிய விடாதீங்க, ஊசி போட ஆள் வருவாங்க." ஒருவரையும் விடவில்லை.

முயல் வளர்க்கும் மற்ற வீடுகளுக்கு மருத்துவமனையில் பட்டியல் கிடையாது. ஏழு வருடமாக வீடு வீடாகப் பின்பக்கம் போய் மீட்டர் பார்த்தவளுக்கு எந்தக் குழாயடியில் யாருடைய கூண்டு என்பது அத்துப்படி. இருபத்தேழு வீடுகளை எழுதிக் கொடுத்தாள். விடுப்புப் போட்டுவிட்டு டாக்டரம்மாவோடு நடந்தாள்.

கடைசி வீடு தையல்காரருடையது. பூட்டிக் கிடந்தது. திறந்த மருந்துப் புட்டியில் மூன்று ஊசிக்கு மருந்து மிச்சம், மறுநாளுக்கு உதவாது. டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். இவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். சற்றுப் பொறுத்து அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பொழுது சாயும் வேளையில் தையல்காரர் துணிமூட்டையோடு வந்து பூட்டைத் திறந்தார். கூண்டில் மூன்று முயல்களும் துள்ளிக்கொண்டிருந்தன.