அட்ரஸ் புக்கில் இல்லாதவள்

பள்ளிக்கூட ஆபீஸ் அம்மாள் கடைக்குள் நுழைந்த வேகத்தைப் பார்த்ததும் தையற்காரிக்குப் பக்கென்றது.

"யூனிஃபார்ம் அளவெல்லாம் மெயில்ல திரும்பத் திரும்ப அனுப்பிட்டேன். ஒரு பதில் கிடையாது. வேலை வேண்டாம்னா வாயைத் திறந்து சொல்லுங்க, நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

எதுவும் வரவில்லை என்று தையற்காரி சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாள். அந்த அம்மாள் நம்புவதாக இல்லை. பள்ளியில் எல்லோருக்கும் புது மெயில் முகவரி கொடுத்திருக்கிறார்களாம், அதிலிருந்துதான் அனுப்பினாளாம். சாயங்காலத்துக்குள் பதில் வராவிட்டால் அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

தையற்காரி வெட்டுமேசையில் கிடந்த துணியை ஒதுக்கிவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். மெயில் படிக்கத் தெரியும், பதில் போடத் தெரியும். மற்றதெல்லாம் தம்பியின் கைவேலை. குடும்பத்தில் அவனுக்கு இன்ஜினியர் என்றே பெயர். ஒரு பல்பு மாட்டினாலும் ஊரைக் கூட்டிச் சொல்கிற இன்ஜினியர். அக்கா தனியாக இருக்கிறாளே என்று அவனாகவே வந்து எதையாவது மாற்றி வைத்துவிட்டுப் போவான். வேண்டாத கால் வருகிறது என்று அவளுடைய ஃபோன் நம்பரைக்கூட மாற்றிவிட்டான். அவளை ஒரு வார்த்தை கேட்டானா என்றால், அந்தப் பழக்கமே அவனுக்குக் கிடையாது.

ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்ததில் அட்ரஸ் புக் செட்டிங்ஸ் என்று ஒரு பக்கம் திறந்தது. 'அட்ரஸ் புக்கில் இல்லாதவர்களின் மெயிலைக் குப்பையில் போடு' என்ற வரிக்கு எதிரே டிக் இருந்தது. 'நான் மெயில் அனுப்புகிறவர்களை அட்ரஸ் புக்கில் தானாகச் சேர்' என்ற வரிக்கு எதிரே டிக் இல்லை. சரிதான், பள்ளிக்கூடத்தின் புது முகவரி அட்ரஸ் புக்கில் இல்லை, அதனால் குப்பைக்குப் போயிருக்கிறது. அடப் பாவி, என் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தானே என்று முணுமுணுத்தபடி, பள்ளிக்கூடத்தைச் சேர்ப்பதற்காக அட்ரஸ் புக்கைத் திறந்தாள்.

நூல் கடைக்காரர் இருந்தார். பட்டன் கம்பெனி இருந்தது. தம்பி இருந்தான், தம்பி மனைவி இருந்தாள், தம்பிக்கு இன்ஷூரன்ஸ் போட்டுக்கொடுத்த ஆள்கூட இருந்தான். மகள் இல்லை.

மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பார்த்தாள். குட்டி என்று அவள் கையாலேயே சேர்த்து வைத்த பெயர் அது. மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போனபோது, இனி அவளுக்கும் நமக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று குதித்தவன் தம்பிதான். பெற்றவள் குதிக்கவில்லை. போய்ச் சேர்ந்தாயா, ஒரு வரி எழுது என்று மகளுக்கு மெயில் அனுப்பினாள். பதில் வரவில்லை. மறுபடி எழுத ரோஷம் விடவில்லை. கல்நெஞ்சக்காரி, கல்நெஞ்சக்காரி என்று மகளை மனசுக்குள் வைதுகொண்டே இத்தனை காலமும் மெஷினை மிதித்திருக்கிறாள்.

ஃபோனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள்.

"அட்ரஸ் புக்ல குட்டி பேரை நீயா எடுத்தே?"

"அதுவா? அப்பவே எடுத்தாச்சே," என்றான் அவன், ஏதோ ஒட்டடை அடித்த மாதிரி. "அவ மெயில் வந்தா நீ உக்காந்து அழுவே, சாப்பிட மாட்டே. எல்லாம் உன் நிம்மதிக்காகத்தான்க்கா."

"என் நிம்மதியை உனக்கு யாருடா குத்தகைக்கு விட்டது?"

"இப்ப என்ன ஆயிடுச்சு? ஒரு சின்ன செட்டிங்..."

"பெத்தவளுக்கும் பொண்ணுக்கும் நடுவுல டிக் போட நீ யாரு? இனிமே என் வீட்டுல ஒரு ஸ்விட்ச்சைக்கூட நீ தொடக்கூடாது. அக்கான்னு சொல்லிக்கிட்டு வாசப்படி ஏறினே, நடக்கிறதே வேற."

அவன் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அவள் வைத்துவிட்டாள்.

குப்பைப் பெட்டியைத் திறந்தாள். இங்கே வருவது ஒரு மாதத்தில் தானாக அழிந்துவிடும் என்று மேலேயே எழுதியிருந்தது. கீழே கடன் தருகிறவர்கள், முடி வளர்க்கிறவர்கள், பரிசு விழுந்திருக்கிறது என்கிறவர்கள். அவர்களுக்கு நடுவில் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்துக்குக் கீழே மகள். ஒரே ஒரு மெயில்.

"அம்மா, இதுக்கும் நீ பதில் போட மாட்டேன்னு தெரியும். பரவாயில்லை, நான் எழுதிக்கிட்டேதான் இருப்பேன். உன் பேரன் இன்னைக்கு எதையும் பிடிக்காம நடந்தான். விழுந்தான், ஆனா அழலை. உன் பிடிவாதம் அப்படியே இருக்கு."

தையற்காரி எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். மறுபடி படித்தாள். நடக்கிற அளவுக்கு வளர்ந்த ஒரு பேரன். அவன் வயிற்றில் இருந்தது, பிறந்தது, யார் ஜாடை என்பது எல்லாவற்றையும் மகள் எழுதியிருப்பாள். எழுத எழுத அதது இந்தப் பெட்டியில் விழுந்து அழிந்திருக்கிறது. பாவி, ஒரு பிள்ளை பிறந்த சேதியைக் குப்பையில் போட வைத்துவிட்டு நிம்மதி என்கிறான்.

பள்ளிக்கூடம் காத்திருக்கட்டும். பதில் எழுதும் இடத்தைத் திறந்து, தன் புது ஃபோன் நம்பரை முதலில் போட்டாள். பிறகு எழுதினாள்.

"குட்டி, நீ எழுதின எதுவும் என் கைக்கு வரலை. உன் மாமா செஞ்ச வேலை. இது ஒண்ணுதான் கிடைச்சுது. இதுல குழந்தை பேரு இல்லை. என் பேரனுக்கு என்ன பேரு வச்சிருக்கே?"