பதினாலு-ஏ

தெருவில் அவரை எல்லோரும் நம்பர்காரர் என்றுதான் சொன்னார்கள். அஞ்சல் துறையில் முகவரிப் பிரிவு அதிகாரி. புது அஞ்சல் குறியீட்டில் முதல் இரண்டு எண் மாவட்டம், அடுத்த இரண்டு தபால் நிலையம், கடைசி இரண்டு தபால்காரர் நடக்கும் தெருக்கள். அதற்கப்புறம் கதவு எண். இதில் ஓர் எண் பிசகினாலும் கல்யாணப் பத்திரிகை குழந்தை பிறந்த பிறகுதான் போய்ச் சேரும் என்பது அவர் கட்சி.

கதவு எண்ணுக்கு விதி எழுதியவரும் அவரே. ஒரு தெருவாசலுக்கு ஓர் எண். ஒரே வீட்டுக்கு இரண்டு தெருவாசல் இருந்தால், தபால் நிலையத்துக்குக் கிட்டே இருப்பதற்கு வெறும் எண், தள்ளி இருப்பதற்கு ஏ. நீதிபதி வீட்டுக்கே ஏ போட்டவர். நீதிபதி மேல்முறையீடு செய்தார். நம்பர்காரர் நிராகரித்தார்.

கடைசியில் அவருடைய தெருவுக்கே முறை வந்தது.

அவர் வீடு பதினாலு. அப்பா கட்டியது. சமையலறையில் யார் ராஜ்யம் என்ற சண்டையில் ஓரகத்திகள் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ள, கூடத்தின் நடுவே சுவர் எழும்பியது. தம்பி தன் பாதிக்குப் புதிதாக ஒரு தெருவாசல் வெட்டிக்கொண்டான். அது தபால் நிலையத்துக்குக் கிட்டே இருந்தது.

"நேத்து வெட்டின ஓட்டைக்குப் பதினாலு. உங்கப்பா வெச்ச வாசலுக்கு ஏ-வா?" என்றாள் மனைவி.

"விதி அப்படி."

"என் வீட்டைப் போற வர்றவன்லாம் 'ஏ'ன்னு கூப்பிடணுமா?"

"நீ என்னை 'ஏங்க'ன்னுதானே கூப்பிடறே?"

"அதுல 'ங்க' இருக்கு."

யோசித்தார். பதினாலு-ஏங்க என்று போட விதியில் இடமில்லை.

"அந்த ஏ பலகையை அடிச்சீங்கன்னா நான் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள். சொன்னால் போய்விடுவாள். பெட்டி ஏற்கெனவே கட்டில்மேல் திறந்து கிடந்தது.

தம்பியைப் பார்க்கப் போனார். அங்கே தம்பி மனைவி முந்திக்கொண்டாள். "நாங்க கேட்டு வாங்கலை, அத்தான். ஆனா தானா வந்ததை விட்டுக்கொடுக்க மாட்டோம்."

தம்பி தலையைச் சொறிந்தான். "விதியை மாத்திட்டீங்கன்னா ஊர்ல உங்க மானம் போயிடும், அண்ணா. மாத்தலைன்னா அண்ணி போயிடுவாங்க. பேசாம நாங்களே வேற வீடு பார்த்துக்கறோம். ரெண்டு வீடு பார்த்து வெச்சிருக்கேன்."

நம்பர்காரர் தன் பக்கத்துக்குத் திரும்பி வந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி இருமினால், இந்தப் பக்கம் அவர் தண்ணீர் குடிப்பார். அதுதான் இரண்டு வருஷமாக அவர்கள் பேச்சுவார்த்தை. அதுவும் போய்விடும்போல இருந்தது.

சாயங்காலம் கையில் இரண்டு பலகை, ஒரு சுத்தியலோடு தெருவில் நின்றார். பக்கத்தில் தம்பி. வாசலுக்கு ஒருத்தியாக மனைவிமார் இருவரும்.

"அந்த விதியை இன்னொரு தடவை படிங்க" என்றாள் மனைவி.

"ஒரு தெருவாசலுக்கு ஓர் எண்."

"வாசலே இல்லைன்னா?"

"எண் கிடையாது."

மனைவி, இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, பக்கத்து வாசலைப் பார்த்துப் பேசினாள். "கேட்டியாடி? உன் வாசலை அடைச்சுட்டா, இருக்கறது ஒரே பதினாலு. யாருக்கும் ஏ இல்லை."

"என் வாசலை அடைச்சுட்டு நான் கூரை வழியாவா வரணும், அக்கா?"

"என் வாசல் வழியா வா."

"வந்தா சுவர் இடிக்குமே."

"இடிச்சா இடிச்சுட்டுப் போறது. யாருக்கு வேணும் அந்தச் சுவர்?"

சுவர் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள்தான். அதை ஞாபகப்படுத்த நம்பர்காரர் வாயைத் திறந்தார். தம்பி அவர் காலை மிதித்தான். மூடிக்கொண்டார்.

"சமையலறை?" என்று கேட்டாள் சின்னவள்.

"காலையில எனக்கு, ராத்திரி உனக்கு."

"காலையில எனக்கு."

"சரி, தொலை."

சுவர் கட்டிய கொத்தனாரே இடிக்க வந்தார். இதெல்லாம் அவருக்குப் பழக்கம்போல, எதுவும் கேட்கவில்லை. பாதி இடித்ததும் அந்தப் பக்கம் தம்பியின் தலை தெரிந்தது. முடி முழுக்கச் சுண்ணாம்பு.

"என்ன அண்ணா, வேடிக்கை பார்த்துக்கிட்டு? செங்கல்லைப் பிடிங்க."

நம்பர்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பிடித்தார்.