கட்டுக்கம்பி

விரித்து நிறுத்திய கையோடு தாங்கியின் ஒரு கால் படக்கென்று ஒடிந்தது. சவப்பெட்டியை வைக்கத் தேவாலயத்திலிருந்து இரவல் வாங்கி வந்த இரும்புத் தாங்கி. மலகாய் மாமா அதைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடி வந்தபோது மெலியாமே மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து உங்கப்பாவக் கொண்டு வந்துருவாங்க. இது ஒடிஞ்சு தொலைஞ்சிருச்சு. நீதான வெல்டிங் படிக்கிறவ?"

மெலியாமே கத்தியைக் கீழே வைத்தாள். தொழிற்பள்ளியில் அவளுக்கு இது இரண்டாம் வருடம். இருபத்து மூன்று பையன்களுக்கு நடுவே ஒரே பெண். அவள் வைத்த வெல்டிங்கை வாத்தியார் சுத்தியலால் ஓங்கி அடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார். வீட்டில் அந்த மரியாதை கிடையாது. முதல் வருடம் அவள் செய்த வாசல் கேட் ஒரே வாரத்தில் விழுந்து, அதைக் கம்பியால் கட்டி நிறுத்தியதிலிருந்து அப்பா அவள் வேலை எதையும் நம்பியதில்லை. கோழிக்கூடோ கொடிக்கம்பமோ, அவள் முடித்ததும் கட்டுக்கம்பியோடு வந்து நிற்பார். மூன்று சுற்று, ஒரு முறுக்கு.

"உன் வேலை நல்ல வேலதாம்மா. இது சும்மா துணைக்கு" என்பார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"பக்கத்து வீட்டு மெஷின நான் வாங்கித் தர்றேன். ஆனா இடுப்புல இதக் கட்டிக்கிட்டு எப்படிடி?" என்றார் மாமா.

துக்கப் பாயைத்தான் சொன்னார். முழங்காலுக்குக் கீழே தொங்கும் கிழிந்த தாழம்பாய். தீவு வழக்கப்படி இறந்தவரின் பிள்ளைகள் அதைச் சுற்றிக்கொண்டு அடுப்படியில் உழைக்க வேண்டும். அப்பாவின் உடம்பைத் தொடக் கூடாது. பாயை அவிழ்த்தால் அப்பாவை அவமதித்ததாகும். அவிழ்க்காவிட்டால் ஒரு பொறி போதும், குப்பென்று பிடித்துக்கொள்ளும்.

அப்பாவுக்கென்று கிழங்கு சீவுவதைத் தவிர இன்று தனக்கு எதுவுமில்லை என்று காலையிலிருந்து அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. தானாகக் கைக்கு வந்த இந்த வேலையை விட்டுவிட அவளுக்கு மனசில்லை.

அனுமதி தர வேண்டியவள் அப்பாவின் அக்கா ஃபூசி. இந்தத் துக்கத்தில் அவள் வைத்ததுதான் சட்டம். மாமா போய்ச் சொன்னதும், சவப்பெட்டியின் தலைமாட்டில் வரும்படி அவளுக்கென்று போட்ட இருக்கையை விட்டு எழுந்து பின்கட்டுக்கே வந்துவிட்டாள். பாத்திரம் கழுவிய பெண்கள் அவளுக்கு மேலாக நிற்கக் கூடாதென்று பதறித் தரையில் உட்கார்ந்தார்கள்.

"என் தம்பி லேசான ஆளா? உசுரோட இருக்கும்போதே ரெண்டு கட்டில ஒடிச்சவன். ஊர் முன்னால விழுந்தான்னா?"

"விழ மாட்டாரு அத்தை."

"கேட்டு விழுந்துச்சே."

"அது முதல் வருஷம்."

அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"பாய இப்படிக் குடு, நான் வச்சிருக்கேன். எவளாவது வாயத் தொறந்தா எங்கிட்ட வரச் சொல்லு."

மெலியாமே துருவைத் தேய்த்து இரும்பை வெளுக்க வைத்தாள். குழாய் மெல்லியது, நெருப்பு ஒரே இடத்தில் கொஞ்சம் நின்றால் ஓட்டை விழுந்துவிடும். மாமா வாங்கி வந்த மெஷினில் கரண்டைக் குறைத்தாள். இரண்டு இடத்தில் மட்டும் பொட்டு வைத்தாற்போல் பற்றவைத்து, கால் நேராக இருக்கிறதா என்று பார்த்தாள். முகமூடியை இறக்கிச் சுற்றிலும் வெல்டிங்கை ஓட்டினாள். முகமூடிக்குள் அழுதாள். கை ஆடவில்லை.

ஆறியதும் வெல்டிங் மேல் படிந்த கசடைத் தட்டிவிட்டாள். மாமா தாங்கி மேலே ஏறிக் குதித்தார். அசையவில்லை.

"கெட்டிதான்" என்றாள் அத்தை. "உள்ள கொண்டு போ."

"கொஞ்சம் இருங்க மாமா."

கொட்டகைக்குப் போனாள். அப்பாவின் கம்பிச் சுருள் ஆணியில் தொங்கியது. ஒரு முழம் வெட்டி வந்து, வெல்டிங் மேலே மூன்று சுற்று சுற்றிக் குறட்டால் ஒரு முறுக்கு முறுக்கினாள்.

"நல்லாத்தான பிடிச்சிருக்கு? இது எதுக்கு?" என்றார் மாமா.

"சும்மா துணைக்கு."

மாமா அந்த முறுக்கை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். தாங்கியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அத்தை பாயைத் தானே அவள் இடுப்பில் சுற்றிக் கயிற்றை இறுக்கினாள். மெலியாமே உட்கார்ந்து கிழங்கை எடுத்தாள். வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தமும், யாரோ கேட்டைத் திறக்கும் சத்தமும் கேட்டன.