கறுப்பு முப்பது, சிவப்பு அறுபது

காளவாசலில் இரும்புக்குப் பதம் ஏற்றிக் கொடுக்கும் பட்டறையில், கடினம் அளக்கிற மிஷினில் நிற்பவன் பேச்சிமுத்து. அது ஒரு விசித்திரமான மிஷின். ஒரே வட்டம், ஒரே முள், ஆனால் இரண்டு கணக்கு. பித்தளை மாதிரி மெத்தென்ற சாமான் என்றால் குண்டு வைத்து அழுத்திச் சிவப்பு எண்ணைப் படிக்க வேண்டும். பதம் ஏற்றிய இரும்பென்றால் வைர முனை வைத்துக் கறுப்பு எண்ணைப் படிக்க வேண்டும். கறுப்பில் முப்பது இருக்கிற இடத்தில் சிவப்பில் அறுபது இருக்கும். ஆள் அசந்தால் கவிழ்த்துவிடட்டும் என்றே எவனோ அப்படி எழுதி வைத்திருக்கிறான்.

எண்பத்து மூன்று வறட்சியில் பரவைப் பக்கம் எல்லாக் கிணறும் வறண்டு, தூர் வெட்டி ஆழப்படுத்துகிறவர்களுக்குக் கை ஓயாத வேலை. பேச்சிமுத்துவின் தங்கை ஒச்சம்மாள் புருஷன் கண்ணுச்சாமியும் ஒரு கிரேன் வைத்திருந்தான். அதில் கம்பிவடம் சுற்றிய உருளை பின்னால் ஓடாமல், பல்சக்கரத்தில் விழுந்து பிடித்துக்கொள்கிற இரும்புத் துண்டுக்கு நாக்கு என்று பெயர். நாக்கு தேய்ந்துபோக, அதைக் கழற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தான்.

"ஆளு ஏறி எறங்குறது மச்சான். நல்லாக் கெட்டியாப் போட்டுக் குடுங்க."

"கவலைய விடு மாப்ள. பழசு எம்புட்டோ, அதே நம்பருக்குப் போட்டுத் தாரேன்."

பழைய நாக்கை வைர முனையில்தான் வைத்தான். ஆனால் அந்த வாரம் முழுக்கப் பித்தளை புஷ் அளந்து அளந்து கண் சிவப்பிலேயே பழகிக் கிடந்தது. அறுபது என்று படித்தான்.

லாரியின் வில்லுப் பட்டை இரும்பில் புது நாக்கு வெட்டி, காய்ச்சி, எண்ணெயில் முக்கினான். மிஷினில் வைத்தபோது முள் கறுப்பு அறுபதில் வந்து நின்றது. வழக்கமாக மறுபடி லேசாகச் சூடு காட்டி முறுக்கைத் தணிப்பான். தணித்தால் நம்பர் இறங்கிவிடுமே என்று விட்டுவிட்டான். அரம் போட்டுப் பார்த்தான். கடிக்காமல் வழுக்கியது. தங்கச்சி புருஷனுக்குச் செய்தது சோடை போகவில்லை என்று அவனுக்குப் பெருமையாகவும் இருந்தது.

கண்ணுச்சாமி கிரேனில் தொங்கிய தொட்டியில் பாதிக் கிணறு இறங்கியிருந்தபோது நாக்கு இரண்டாக ஒடிந்தது, தொட்டியோடு அடியில் போய் விழுந்தான். உயிர் தப்பியது, இடுப்புக்குக் கீழே போய்விட்டது. கிரேன் ஓட்டிய மலைச்சாமி, "நாக்கப் போட்டுட்டுத்தான்யா கையெடுத்தேன்" என்று கதறினான். குடித்துவிட்டுக் கோட்டைவிட்டான் என்று அடித்துப் போலீஸில் கொடுத்தார்கள்.

ஒடிந்த துண்டு பேச்சிமுத்துவிடம் வந்தது. முறிந்த இடம் கல்கண்டு மாதிரி மினுங்கியது. பட்டறையில் கிடந்த பழைய நாக்கைத் தேடி எடுத்து மறுபடி மிஷினில் வைத்தான். முள் கறுப்பு முப்பதில் நின்றது. அதற்கு நேரே, சிவப்பில், அறுபது. கடினம் கூடக் கூட அடி தாங்காது, கண்ணாடி மாதிரிச் சிதறும் என்பது அவனுக்குத் தெரியாததா?

ஸ்டேஷனுக்கு ஓடினான். ஏட்டு பொறுமையாகவே கேட்டார்.

"கெட்டியா இருந்ததாலயா ஒடஞ்சுது?"

"ஆமாய்யா. இருக்க வேண்டியதுக்கு மேல கெட்டி. தப்பு எம்மேல."

"மெத்துன்னு இருந்து ஒடஞ்சுதுன்னாலும் எழுதலாம். கெட்டியா இருந்து ஒடஞ்சுதுன்னு எப்படிய்யா எழுத? மலைச்சாமி ஒங்க ஆளா? போ, போ."

கம்பிக்குப் பின்னால் மலைச்சாமி வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தான். பேச்சிமுத்துவால் அவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனான். சிவப்பு, கறுப்பு, வைரம், குண்டு என்று எல்லாவற்றையும் தங்கையிடம் கொட்டினான். சொல்லும்போதே அழுதுவிட்டான். அவளோ அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கெட்டியாப் போட்டுக் குடுத்ததுக்கு நீங்க ஏண்ணே அழுகுறீங்க? எந்தச் சாமியும் ஒங்களக் கொற சொல்லாது. அந்தக் குடிகாரப் பயலுக்காகப் பழிய இழுத்துக்கிறாதீங்க."

கட்டிலில் கிடந்த கண்ணுச்சாமி கண்ணைத் திறந்தான்.

"மச்சான், கிரேன வாடகைக்கு விட்டாத்தான் இனி எங்களுக்குக் கஞ்சி. இன்னொரு நாக்குப் போட்டுக் குடுங்க. அதே அறுபதுக்கு."

"முப்பதுக்குப் போடுறேன் மாப்ள. அதுதான் சரி."

கண்ணுச்சாமி போர்வைக்குள் கிடந்த தன் கால்களைப் பார்த்தான்.

"கால் வெளங்காதவனுக்குப் பாதி போதும்னு நெனச்சிட்டீங்களாக்கும்."

ஒச்சம்மாள் பிடித்திருந்த கையை விட்டாள். பேச்சிமுத்து எத்தனையோ சொல்லிப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வேறு பட்டறை பார்த்துக்கொள்கிறோம் என்றாள்.